சாக்குப் போர்த்தினா ஐஸ் உருகாதா? தரம் 4 மகளின்ர கேள்விக்கு என்ன சொல்ல?

திருக்கடலூர் அப்பா:

வணக்கம் எல்லாருக்கும். மகள் தரம் 4 படிக்கிறா. போன ஞாயிறு விடியவே அம்மப்பாவோட கடற்கரைக்குப் போனவ. தோணிகள் கரைக்கு வர முதல் அவர் ஐஸ் கட்டிகளை வாடிக்குள்ள (கரையில இருக்கிற மீன்பிடிக் கொட்டில்) சீமெந்து நிலத்தில இறக்கி, மேல மரத்தூள் தூவி, ரெண்டு சாக்குப் போட்டு இறுக்கி மூடுவார். சின்ன வயசில இருந்து நான் பார்க்கிற காட்சிதான். ஒருநாளும் யோசிச்சதில்லை.

மகள் கேட்டாவாம், "அம்மப்பா, சாக்குப் போர்த்தினா ஐஸுக்குச் சூடா இருக்குமே, கெதியா உருகிடாதா? எனக்குப் போர்வை போர்த்தினா வேர்க்குதே." அவர் சிரிச்சுக்கொண்டு "அப்பாட்டக் கேள்" எண்டு அனுப்பிட்டார்.

நான் "சாக்கு குளிரை வெளிய விடாது" எண்டு சொன்னன். அதுக்கு அவ, "அப்ப என்ர போர்வை குளிரை உள்ள விடாது, சாக்கு குளிரை வெளிய விடாது. போர்வை சூடாக்கிற சாமானா, குளிராக்கிற சாமானா?" எண்டு கேட்டா. எனக்குப் பதில் வரேல்லை. 9 வயசுப் பிள்ளைக்குப் பிழையில்லாமச் சொல்லிக் குடுக்க வேணும். இங்க ஆசிரியர்மார் இருக்கிறீங்கள். உதவி செய்யுங்கோ.

உப்புவெளி ரீச்சர்:

தம்பி, உங்கட மகள் கேட்டது நல்ல கேள்வி. நான் 30 வருசத்துக்கு மேல ஆரம்பப் பிரிவில படிப்பிச்சன். வெப்பம் எண்ட பாடத்தில பிள்ளைகள் தடக்குப்படுற இடமே இதுதான். போர்வைக்குள்ள சூடு இருக்கு எண்டுதான் எல்லாப் பிள்ளையும் நம்பும். பெரியாக்களும் அப்பிடித்தான் பேசுறம். "கதவைச் சாத்து, குளிர் உள்ள வருது", "பிரிட்ஜைத் திறந்து வைக்காத, குளிர் போகுது" எண்டு நாங்களே நாளுக்குப் பத்துத் தரம் சொல்லுறம். கேட்டு வளருற பிள்ளை, குளிர் எண்டு ஒரு சாமான் அங்கயும் இங்கயும் ஓடித் திரியுது எண்டு நினைக்காம வேற என்ன நினைக்கும்?

குளிர் எங்கயும் போறதில்லை, வாறதில்லை. போறதும் வாறதும் வெப்பம் மட்டும்தான். சூடு கூடின இடத்தில இருந்து சூடு குறைஞ்ச இடத்துக்குப் போகும். பிள்ளை போர்வைக்குள்ள படுத்தா, அவவின்ர உடம்புச் சூடு வெளிக்காற்றுக்குப் போக வழி தேடும். போர்வை அந்த வழியில நிண்டு மெதுவாக்குது. வாடியில ஐஸ் கிடந்தா, வெளிக்காற்றின்ர சூடு ஐஸுக்குள்ள போக வழி தேடும். சாக்கும் அதைத்தான் மெதுவாக்குது. ரெண்டு இடத்திலயும் வேலை ஒண்டுதான், வெப்பம் போற திசைதான் மாறி நிக்குது.

ஆனா இதை இப்பவே மகளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. முதல்ல செய்ய விடுங்கோ. ஒரே அளவான ரெண்டு கப் எடுத்து ரெண்டிலயும் மும்மூண்டு ஐஸ்கட்டி போடச் சொல்லுங்கோ. ஒண்டை வெறுமனே வைக்கட்டும், மற்றதைத் துவாயால சுத்தட்டும். தொடங்க முதல் எது முந்தி உருகும், ஏன் எண்டு கொப்பியில எழுத வேணும். எழுதினதை அழிக்க விடக்கூடாது. தன்ர கையால எழுதின நினைப்பு பிழைச்சுப் போறதைக் கண்ணால பார்த்த பிள்ளை அதைப் பிறகு மறக்காது.

கிண்ணியா நானா:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் மீன் லொறியில பெட்டி அடுக்கின ஆள், ரெண்டு சொல் சொல்லுறன்.

மரத்தூளும் சாக்கும் ஐஸைக் காப்பாத்துறது அதுகளுக்குள்ள அடைபட்டுக் கிடக்கிற காத்தாலதான். அசையாத காத்துச் சூட்டைச் சரியான மெதுவாத்தான் கடத்தும். ரெஜிபோம் பெட்டியும் (வெள்ளை நுரைப் பெட்டி) அதுதான். ஒரு துண்டை உடைச்சிப் பாருங்க, குட்டிக் குட்டி முட்டையா இரிக்கும், எல்லாத்துக்குள்ளயும் காத்து. மரத்தூள் நனைஞ்சி களியாப் போனா காத்து இருந்த இடத்தில தண்ணி நிண்டிரும், பிறகு அதால பெரிசாப் பிரயோசனம் இல்ல. அதனாலதான் பழைய ஆக்கள் மரத்தூளைக் காய வெச்சி எடுப்பாங்க.

இன்னொண்டு. முழுக் கட்டி நிண்டு பிடிக்கும், நொறுக்கின ஐஸ் கெதியா உருகும். நொறுக்கினா வெளிப்பக்கம் கூடுது, சூடு நுழையிற வாசலும் கூடுது. ஆனா மீனுக்கு நொறுக்கினதுதான் நல்லம், மீனைச் சுத்தி ஒட்டிக்கொண்டு கெதியாச் சூட்டை உறிஞ்சிரும். புள்ளையிட்ட இதையும் கேட்டுப் பாருங்க.

புலமைப்பரிசில் அம்மா:

நல்லா இருக்கு. ஆனா ஒரு கேள்வி, ஆரும் கோவிக்கக் கூடாது. என்ர மகன் அடுத்த வருசம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எடுக்கப் போறான். ரியூசன் கொப்பியில வெப்பம் போற மூண்டு வழிக்கும் கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் எண்டு மூண்டு சொல்லு எழுதிக் குடுத்திருக்கினம். அவன் வரிசையா ஒப்புவிக்கிறான். யூரியூபில ஒரு இந்தியப் பாடம் போட்டுக் காட்டினா அங்க வெப்பச்சலனம் எண்டு சொல்லுறாங்க. "அம்மா, இது நாலாவதா?" எண்டு கேக்கிறான். இதை ஆர் தெளிவாக்குவீங்கள்? கடைசியா ஒண்டு. சூடு எப்பவும் மேல போகும் எண்டு நான் சொல்லிக் குடுத்திருக்கிறன். சரிதானே?

மூதூர் விஞ்ஞானம்:

வணக்கம் அக்கா. நாலாவது இல்லை. இலங்கைப் பாடநூலில் மேற்காவுகை என்று வருவதும் தமிழ்நாட்டுப் பாடநூலில் வெப்பச்சலனம் என்று வருவதும் ஒன்றேதான். நாங்கள் வெப்பச் சக்தி என்பதை அவர்கள் வெப்ப ஆற்றல் என்பார்கள். இரண்டும் நல்ல தமிழ்தான். மகனிடம் இப்படிச் சொல்லுங்கள்: நாங்கள் "கதிரை" என்பதை அங்கே "நாற்காலி" என்கிறார்கள், ஆனால் இருப்பது ஒன்றில்தான். ஒரு தரம் கேட்டால் பிள்ளைகளுக்கு விளங்கிவிடும்.

நான் கவலைப்படுவது வேறு சொல்லைப் பற்றி. "சூடு" என்ற சொல்லுக்கு எங்கள் வீடுகளில் இன்னொரு பொருள் இருக்கிறது. நண்டு சூடு, இளநீர் குளிர்மை. ஒருமுறை தரம் 6 வகுப்பில் "வெப்பம் கூடிய பொருள் ஒன்று சொல்லுங்கள்" என்றேன். ஒரு பிள்ளை "நண்டு" என்றது. வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் அந்தப் பிள்ளை வீட்டில் கேட்டதைச் சரியாகத்தான் சொன்னது. சாப்பாட்டுச் சூடும் வெப்பமானி காட்டும் சூடும் வேறு வேறு என்பதை நாங்களே வாய்திறந்து பிரித்துச் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்?

மேலே போகிற கதைக்குப் பிறகு வருகிறேன், மணி அடித்துவிட்டது.

தம்பலகாமத்துப் பேத்தி:

சேர் வர முதல் நான் சொல்லுறன். கம்பசில பௌதிகவியல் படிக்கிறன்.

அக்கா, மேல போறது சூடான காற்றும் சூடான தண்ணியும்தான். வெப்பம் மேல, கீழ, பக்கவாட்டு எண்டு எல்லாத் திசையிலும் போகும். காற்று சூடானா விரியும், அதே இடத்தில இருக்கிற குளிர்ந்த காற்றைவிட இலேசாகும், பாரமான குளிர்ந்த காற்று கீழ வந்து அதை மேல தள்ளிவிடும். தண்ணியும் அப்பிடித்தான். இந்தச் சுற்றுத்தான் மேற்காவுகை. ஆனா ஒரு அலுமினியக் கம்பியின்ர மேல் நுனியைச் சூடாக்கினா கீழ பிடிச்சிருக்கிற கையும் சுடும். சூரியன் எங்களுக்கு மேலதான் இருக்கு, அங்க இருந்து வெப்பம் கீழதானே வருது? அதுவும் காற்றே இல்லாத வெறும் வெளியால ஏறத்தாழ 15 கோடி கிலோமீற்றர் கடந்து, 8 நிமிசத்துக்குக் கொஞ்சம் கூட எடுத்து வருது. "சூடு மேல போகும்" எண்டு படிச்ச பிள்ளைக்குச் சூரியனை விளங்கப்படுத்த ஏலாமல் போகும்.

கடத்தலுக்கு நல்ல இடம் திருகோணமலைக் கோணேசர் கோயில். மத்தியானம் வெறுங்காலோட போன ஆக்களுக்குத் தெரியும். கல்லில கால் வைச்சா துள்ளுவம், பக்கத்தில விரிச்ச கயிற்றுப் பாயில ஏறினா "அப்பாடா" எண்டு இருக்கும். ரெண்டும் ஒரே வெயிலில கிடந்ததுகள்தான். கல்லு தன்னட்ட இருக்கிற வெப்பத்தைக் காலுக்குக் கெதியாக் கடத்துது, அடியில இருந்தும் வெப்பம் ஏறி வந்து காலுக்குச் சேர்ந்துகொண்டே இருக்குது. பாய் மெதுவாக் கடத்துது. எங்கட கால் வெப்பமானி இல்லை. எவ்வளவு கெதியா வெப்பம் வருது, போகுது எண்டதைத்தான் தோல் சொல்லுது. விடியக்காலமை இரும்புக் கேற்றைத் தொட்டாக் குளிருது, பக்கத்தில இருக்கிற மரக்கதவு குளிரேல்லை எண்டதும் இதேதான். ராத்திரி முழுக்க ஒரே காற்றில நிண்ட ரெண்டுக்கும் வெப்பநிலை ஒண்டுதான்.

சாம்பல்தீவு:

கதிர்வீசலுக்கு நான் சொல்லுறன். கூரை வேலை செய்யிற ஆள். தகரக் கூரை போட்ட வீட்டுக்குள்ள மத்தியானம் நிண்டு பாருங்கோ, சூடு தலையில இறங்கும். "சூடு மேலதானே போகுது, பிறகேன் கீழ வருது" எண்டு வீட்டுக்காரர் என்னட்டக் கேட்டிருக்கினம். இப்பதான் சரியான பதில் தெரியுது.

ஒரு மட்டையையோ பாயையோ தலைக்கு மேல பிடிச்சுப் பாருங்கோ. பிடிச்ச உடனே குறையும். எடுத்த உடனே திரும்ப இறங்கும். காற்று அப்பிடி நொடியில மாறாது. தகரம் தன்னட்ட இருந்து நேர கதிரா அனுப்புது, மட்டை அதை மறிக்குது. கிடுகு வேய்ஞ்ச கூரையில இந்தத் தொல்லை இல்லை. தகரத்துக்குக் கீழ கிடுகைக் கட்டி இடைவெளி விட்டாலும் நல்லாக் குறையும். காசு இல்லாத ஆக்கள் தகரத்துக்கு மேல வெள்ளையா சுண்ணாம்பு அடிக்கலாம், வெயிலைத் திருப்பி அனுப்பும், மழைக்கு முதல் மழைக்குப் பிறகு எண்டு அடிச்சுக்கொண்டிருக்க வேணும். பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிறதுக்கு மட்டைதான் சுகம், செலவே இல்லை.

திருக்கடலூர் அப்பா:

எல்லாருக்கும் நன்றி. நேற்றுப் பின்னேரம் செய்தம். மகள் எழுதினது: "துவாய் சுத்தினது முந்தி உருகும். ஏன் எண்டா துவாய் சூடு."

ஆனா ரீச்சர், எங்களுக்குப் பிழைச்சுப் போச்சு. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான் உருகிச்சு. மகள் "நான் சொன்னது பாதி சரி" எண்டு நிக்கிறா. எங்க பிழை விட்டம்?

உப்புவெளி ரீச்சர்:

துவாயைக் கப்பைச் சுத்திக் கட்டினீங்களா? மேல் வாயை மூடினீங்களா?

திருக்கடலூர் அப்பா:

வாயை மூடேல்லை. சுத்தி மட்டும்தான் கட்டினம்.

உப்புவெளி ரீச்சர்:

அதுதான் தம்பி. சூடு வாயால நேர இறங்கியிருக்கும். கப்பு மேசையில நேர நிண்டிருந்தா அடியாலயும் ஏறியிருக்கும். மூடியும் போட்டு, அடியிலயும் ஒரு மடிப்பு வைச்சு, திரும்பச் செய்யுங்கோ. இன்னொண்டும் பாருங்கோ. உருகின தண்ணியில துவாய் நனைஞ்சா கிண்ணியா நானா சொன்ன நனைஞ்ச மரத்தூள் கதைதான். மெல்லிய துவாயா இருந்தாத் தடிச்சதா எடுங்கோ. பிழைச்ச முதல் தரத்தையும் கொப்பியில எழுதி வைக்கச் சொல்லுங்கோ, அது கிழிக்கிற பக்கம் இல்லை.

புலமைப்பரிசில் அம்மா:

நானும் ஒண்டு செய்து பார்த்துப் பிழைச்சுப் போய் வந்திருக்கிறன். மரக்கரண்டி, சில்வர் கரண்டி, பிளாஸ்ரிக் கரண்டி மூண்டின்ர நுனியிலயும் மாஜரின் பூசி, பயறு ஒண்டு ஒட்டி, கொதிதண்ணிக் கப்பில நிறுத்தினன். சில்வர் கரண்டிப் பயறு டக்கெண்டு விழும் எண்டு மகனுக்குச் சொல்லியும் வைச்சிட்டன். விழவேயில்லை. தண்ணி ஆறினதுதான் மிச்சம். அவன் "உலோகம் கடத்தாது" எண்டு முடிவு எடுத்திட்டான். இப்ப என்ன செய்ய?

மூதூர் விஞ்ஞானம்:

அக்கா, உங்கள் மகன் எடுத்தது பிழையான முடிவு, ஆனால் அவன் பார்த்தது உண்மை. குற்றம் கரண்டியில். சில்வர் கரண்டி என்று நாங்கள் சொல்வது துருப்பிடிக்காத உருக்கு. உலோகங்களுக்குள்ளே அது மிக மெதுவாக வெப்பம் கடத்தும் ஒன்று. அலுமினியம் அதைவிட ஏறத்தாழ 15 மடங்கு கெதியாகக் கடத்தும். கரண்டியின் தண்டும் மெல்லியது, நீளமானது. வெப்பம் நுனிக்கு ஏறி வர முன் வழியிலேயே காற்றுக்குப் போய்விடும். பழைய அலுமினியக் கரண்டி ஒன்று எந்த அம்மம்மா வீட்டிலும் கிடக்கும். அதை எடுங்கள், மாஜரினைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் பூசுங்கள், விழும். கொதிதண்ணீர் ஊற்றுவது பெரியவர்கள்தான். பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு பார்க்கட்டும்.

பிறகு சில்வர் கரண்டியை எறிந்துவிடாதீர்கள். அலுமினியக் கரண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, "இரண்டும் உலோகம், ஏன் ஒன்று முந்துகிறது?" என்று கேளுங்கள். அலுமினியத் தாச்சியின் பிடி ஏன் சுடுகிறது, அதற்கு ஏன் மரப்பிடி போடுகிறார்கள், சிரட்டை அகப்பை ஏன் சுடுவதில்லை என்று சமையலறையில் அந்தக் கேள்வி தானாக நீளும். மூன்று சொல்லை ஒப்புவிக்கிற பிள்ளைக்கு இந்தக் கேள்விகள் வராது. நான் தரம் 10 இலும் 11 இலும் பார்க்கிறேன். வரைவிலக்கணம் பிழையில்லாமல் வரும், "பிளேன்ரீயை ஏன் ஆற்றிக் குடிக்கிறோம்" என்றால் மௌனம்.

புலமைப்பரிசில் அம்மா:

சேர், பரீட்சையும் இருக்குத்தானே. சொல்லுத் தெரியாமப் போனாப் புள்ளி ஆர் தருவினம்?

உப்புவெளி ரீச்சர்:

பிள்ளை, உங்கட பயம் எனக்கு விளங்குது, நானும் தாய்தான். சொல்லு வேணும். ஆனா சொல்லைக் கடைசியில குடுங்கோ. பயறு விழுந்ததைப் பார்த்த பிறகு "இதுக்குப் பேர் கடத்தல்" எண்டு சொன்னா, பேர் போய் ஒட்டிக்கொள்ள ஒரு இடம் இருக்கும். முதலே சொன்னா அது காற்றில தொங்கும்.

மேற்காவுகைக்கும் ஒண்டு செய்து காட்டுங்கோ. உணவுக்குப் போடுற சிவப்புக் கலரிங்கைத் தண்ணியில கரைச்சு ஐஸ்கட்டியாக்குங்கோ. கண்ணாடிக் கிளாஸில வெதுவெதுப்பான தண்ணி எடுத்து, அசையாம நிண்ட பிறகு அந்தச் சிவப்புக் கட்டியை மெல்ல விடுங்கோ. கட்டி மேல மிதக்கும். அதில இருந்து சிவப்பு நூல் நூலா அடிக்கு இறங்கும். மேல போற கதையையே கேட்டுப் பழகின பிள்ளை, குளிர்ந்த தண்ணி கீழ போறதைக் கண்ணால பார்க்கும். என்ர வகுப்பில இதைச் செய்த நாளில பிள்ளைகள் இடைவேளை மணியையும் கேக்கேல்லை.

கிண்ணியா நானா:

சேர், ஒரு விசயம் கேக்கணும். கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழையும் எடுங்க. கீழ நெருப்பு எரியிதா? என்ட பேரன் எரிமலை இரிக்கி எண்டு சொல்லுறான்.

மூதூர் விஞ்ஞானம்:

நானா, எரிமலை இல்லை. இலங்கையில் உயிருள்ள எரிமலையே கிடையாது. மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளால் ஆழத்துக்கு இறங்குகிறது. பூமிக்குள் போகப் போகச் சூடு கூடும், பொதுவாக ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 25 முதல் 30 பாகை வரை. அங்கே சூடான தண்ணீர் வேறு வெடிப்பால் மேலே வருகிறது. மகா ஓயாவில் இருக்கும் வெந்நீரூற்றும் அப்படித்தான். இராவணன் தாயின் இறுதிக் கடனுக்காகத் தோண்டியது என்று எங்கள் பாட்டிமார் சொன்ன கதையையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள், அது இந்த மண்ணின் கதை. பிறகு தண்ணீர் சூடான கதையையும் சொல்லுங்கள். இரண்டையும் வைத்திருக்கப் பிள்ளையின் தலையில் இடம் இருக்கிறது.

கன்னியா வந்துவிட்டதால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. வெப்பம், வெப்பநிலை இரண்டையும் பிரிக்க இதைவிட நல்ல இடம் எங்கள் மாவட்டத்தில் இல்லை. ஒரு கோப்பை பிளேன்ரீ, 200 மில்லிலீற்றர், 80 பாகை செல்சியஸ். வாய் வைத்தால் சுடும். கன்னியாவில் அள்ளிய ஒரு வாளி தண்ணீர், 10 லீற்றர், 40 பாகைக்குக் கிட்ட. தலையில் ஊற்றிக் குளிக்கலாம். எதிலே வெப்பச் சக்தி கூட என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் பிளேன்ரீ என்று கை உயர்த்தும்.

இப்போது ஐஸை வைத்து அளப்போம். 0 பாகையில் இருக்கும் 1 கிலோ ஐஸை உருக்கத் தேவையான வெப்பம், 1 கிலோ தண்ணீரை 0 இலிருந்து 80 பாகை வரை சூடாக்கத் தேவையான வெப்பத்துக்குச் சமன். அப்படியென்றால் அந்தப் பிளேன்ரீ முழுவதும் 0 பாகைக்கு ஆறும்வரை 200 கிராம் ஐஸைத்தான் உருக்கும். கன்னியா வாளி 5 கிலோவை உருக்கும். 25 மடங்கு! வெப்பநிலை என்பது பொருளுக்குள் இருக்கும் மிகச் சிறிய துணிக்கைகள் எவ்வளவு வேகமாக அசைகின்றன என்பதைக் காட்டுகிறது. எவ்வளவு வெப்பம் இருக்கிறது என்பதற்கு, எத்தனை துணிக்கைகள் அசைகின்றன என்பதும் வேண்டும். சின்னப் பிள்ளைக்குக் கணக்கு வேண்டாம், வாளியும் கோப்பையும் போதும்.

மீனுக்கு ஐஸ் ஏன் இவ்வளவு உதவுகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது நானா. ஒரு கிலோ ஐஸ் உருகி முடிய முன் அவ்வளவு வெப்பத்தை மீனிடமிருந்து வாங்கிவிடும்.

சாம்பல்தீவு:

கச்சான் காற்றைப் பற்றி ஆரும் சொல்லேல்லையே. மே மாசம் தொடங்கினா மேற்கில இருந்து அனல் வீசுது. அதுவும் மேற்காவுகையா?

தம்பலகாமத்துப் பேத்தி:

அண்ணா, கச்சான் கொஞ்சம் வேற கதை. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில ஏறேக்க ஈரத்தை மழையாக் கொட்டிட்டு, எங்கட பக்கம் இறங்கேக்க அமுங்கிச் சூடாகி, காய்ஞ்சு வருது. சின்னப் பிள்ளைக்கு இது கூடிப்போகும்.

கடற்காற்றைக் காட்டுங்கோ. பத்துப் பதினொரு மணிக்கு மணலில கால் வைக்க ஏலாது, ஆனா கடல் தண்ணி அப்பிடியே இருக்கும். மணலின்ர மேல் தோல்தான் சூடாகும், கடலில வெப்பம் ஆழத்துக்குப் பரவும், தண்ணியைச் சூடாக்க வெப்பமும் கூட வேணும். தரைக்கு மேல காற்று சூடாகி எழும்ப, கடலில இருந்து குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வரும். இரவில தரை முந்தி ஆறும், காற்று மறுபக்கம் திரும்பும். பாய் கட்டி ஓடின காலத்தில விடியப்புறம் தரைக்காற்றில போய், பகல் கடற்காற்றில திரும்பி வந்த தொழில் இது. பிள்ளையின்ர அம்மப்பாவைக் கேட்டா எங்களைவிட நல்லாச் சொல்லுவார்.

கச்சானுக்கும் ஒரு சின்ன வேலை குடுக்கலாம். அந்த மாசங்களில மண்பானைத் தண்ணி நல்லாக் குளிரும். காற்று காய்ஞ்சு இருக்கிறதால பானையின்ர வெளிப்பக்கத்து ஈரம் கெதியா ஆவியாகுது, ஆவியாகிறதுக்கு வேணும் எண்ட வெப்பத்தைப் பானையில இருந்தே எடுக்குது.

உப்புவெளி ரீச்சர்:

இதுக்குள்ள ஒண்டு சொல்ல வேணும். பிள்ளை பிழையாச் சொன்னா ஏசாதேங்கோ. "போர்வைக்குள்ள சூடு இருக்கு", "குளிர் உள்ள வருது" எண்டு சொல்லுற பிள்ளை மக்கு இல்லை. 1700களில பெரிய அறிஞர்களும் வெப்பம் எண்டது கண்ணுக்குத் தெரியாத ஒரு திரவம், பொருளுக்குப் பொருள் வழியுது எண்டுதான் நினைச்சவை. ரம்போர்ட் எண்டவர் மியூனிக்கில பீரங்கிக் குழாய் குடையிற இடத்தில நிண்டு பார்த்தார். குடையக் குடையச் சூடு வந்துகொண்டே இருந்தது. தண்ணிக்குள்ள வைச்சுக் குடைஞ்சார், நெருப்பே இல்லாம ரெண்டரை மணித்தியாலத்தில தண்ணி கொதிச்சது. திரவமா இருந்தா ஒருநேரம் தீர வேணுமே, தீரேல்லை. 1798 இல அதை எழுதினார். அசைவுதான் வெப்பமா மாறுது எண்ட எண்ணம் அதுக்குப் பிறகும் கனகாலம் எடுத்துத்தான் எல்லாருக்கும் ஏறினது.

திருகோணமலைக் கோட்டைக்குப் போனா மான் பார்க்கிறதோட நில்லாம, பீரங்கியைத் தொட்டுக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுங்கோ. பிறகு ரெண்டு உள்ளங்கையையும் இறுக்கி உரசச் சொல்லுங்கோ. ரம்போர்ட் பார்த்தது அந்தக் கையுக்குள்ள இருக்கு.

புலமைப்பரிசில் அம்மா:

அலுமினியக் கரண்டியில பயறு விழுந்தது! மாமி வீட்டில இருந்து எடுத்து வந்தன். மகன் மூண்டு தரம் செய்யச் சொல்லி நிண்டான். மூண்டாம் தரம் தானே "இது கடத்தல்தானே அம்மா" எண்டான். நான் சொல்லேல்லை.

திருக்கடலூர் அப்பா:

நாங்களும் திரும்பச் செய்தம். இந்தமுறை மூடி போட்டு, அடியில மடிச்சு வைச்சு, தடிச்ச துவாய். வெறும் கப்பில இருந்தது முக்கால் மணித்தியாலத்தில தண்ணியாப் போச்சு. சுத்தினதைத் திறந்தா ரெண்டு கட்டி நல்லாக் கிடக்குது. மகள் கொஞ்ச நேரம் பேசவேயில்லை. பிறகு பிளேன்ரீயை ரெண்டு கப்பில ஊத்தச் சொல்லி, அதே துவாயை ஒண்டுக்குச் சுத்தினா. அரை மணித்தியாலத்தால ரெண்டையும் தொட்டுப் பார்த்திட்டு, "அப்பா, துவாய்க்குச் சூடு குளிர் ஒண்டும் தெரியாது, ஆரையும் கெதியாப் போக விடாது" எண்டு எழுதினா. எழுத்துப்பிழையோட அப்பிடியே விட்டிருக்கிறன்.

இண்டைக்கு விடிய அவவே எழும்பி அம்மப்பாவோட வாடிக்குப் போனா. திரும்பி வந்து மாமா (அவவின்ர அம்மப்பா) சொன்னதைத்தான் இதில எழுத வந்தனான். ஐஸ் கட்டி இறக்கினதும் மகள் குனிஞ்சு அடியைப் பார்த்தாவாம். "அம்மப்பா, மேல ரெண்டு சாக்கு, அடியில ஒண்டும் இல்லை. நிலத்தில இருந்து சூடு ஏறுமே?" எண்டு கேட்டாவாம். அவர் 40 வருசமா அந்தச் சீமெந்தில நேரதான் வைக்கிறவர். ஒண்டும் பேசாமப் போய், ஒரு சாக்கு மரத்தூளைக் கொண்டு வந்து நிலத்தில கொட்டி, தடிப்பாப் பரப்பி, கட்டியைத் தூக்கி அதுக்கு மேல வைச்சவராம்.